பத்தொன்பதாவது நிமிஷம்

அநியாயம் நடந்தது செரபினுக்கு. அமலியின் அக்கா செரபின், குருசுக்குப்பத்தில் ஒரு ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள், புருஷன் லியோனிடம் ஆறு வருஷம் அடி வாங்கிவிட்டுப் போன வருஷம்தான் அவனை விட்டு வந்தவள். அவள் அப்படி அடி வாங்கிய ஒரு மத்தியானத்தில் வாய்விட்டுச் சொன்ன 'போதும்' என்கிற ஒற்றைச் சொல்லை, அவளைக் கேட்காமல், அவளுக்குத் தெரியாமல், அமலியின் சிநேகிதன் ரெமி என்கிறவன் வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடியில் பேஸ் கிட்டாரை உருட்டிவிட்டு, 'உப்புக்காத்து' என்ற பெயரில் இன்றைக்கு வெளியிடப் போகிற தன் ஹிப் ஹாப், ஃபங்க் மிக்ஸ் ஆல்பத்தில் பத்தொன்பதாவது நிமிஷத்திலிருந்து இருபத்துமூன்றாவது நிமிஷம் வரைக்கும் ஜனங்கள் ஆடுவதற்கு வைத்திருக்கிறான். நாலு நிமிஷம். அமலி உட்கார்ந்து எண்ணியும் பார்த்துவிட்டாள், நூற்று எண்பத்துநாலு போதும். இதில் வாதத்துக்கு இடமே இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் அவள் காலாப்பட்டில் பல்கலைக்கழக வாசலில் ரெண்டு பத்து பஸ்ஸில் ஏறினாள், ஜன்னலோரம் பிடித்தாள், வெயில் கன்னத்தில் அறைகிற பக்கம் அது என்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அறையட்டும் என்று விட்டாள், ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கையில் போன், போனில் ரெமி அனுப்பிய செய்தி அப்படியே திறந்து கிடந்தது. நாலு மணிக்கு ரிலீஸ். உங்க அக்கா வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடறேன். நீ சொன்னா பத்தாது, அவங்க சொல்லணும். நியாயமான பேச்சு. நியாயமாக இருப்பதுதான் அவளை உள்ளுக்குள் போட்டுக் கிழித்தது. அயோக்கியன் அயோக்கியத்தனமாகப் பேசினால் அவனைத் தூக்கிப் போட்டு மிதிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் போதும், போதும், பார், இந்த வார்த்தையை இனிமேல் யோசிக்கக்கூட முடியவில்லை, கடையில் ரசம் ஊற்றுகிறவனிடம் நேற்று போதும் என்று சொல்ல வாய் வராமல் தட்டு நிறைந்து வழிந்து விரல் சுட்டது.

முதல் நிமிஷம் அலைச் சத்தம். அதன் மேல் ஊசி இறங்குகிற கரகரப்பு, அப்புறம் ஒரு டிரம்பெட், அப்புறம் அந்த பேஸ், கொழுத்த, சோம்பேறித்தனமான, இடுப்பைப் பிடித்து இழுக்கிற பேஸ். ரெமியின் சொந்தத்தில் யாரோ ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியபோது ரெண்டு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டு கொண்டுவந்தாராம், எல்லாம் கறுப்பு அமெரிக்கர்கள் வாசித்த ஃபங்க், அதைத்தான் இவன் கீறிக் கீறி இந்த ஊர்ச் சத்தத்தோடு பின்னியிருக்கிறான். நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னால் செரபினுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் பொய். பொம்மையார்பாளையம் தாண்டும்போது கடல் ரெண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு கீற்றாகத் தெரிந்து மறைந்தது, டிரம்ஸ் அதே நொடியில் விழுந்தது, அவளுடைய கட்டைவிரல் போனின் முதுகில் தாளம் போடப் பார்த்தது, அவள் அந்த விரலை மற்றக் கையால் பிடித்து மடக்கினாள், முட்டி நெரியும்வரை மடக்கினாள். ஏனென்றால் ரெமி நேற்று கேன்டீனில் சொல்லிவிட்டான், பெருமையாகச் சொன்னான், அந்தக் குரல் விழுற எடம்தான் அமலி மொத்தக் கணக்கும், அதுக்கும் அடுத்து விழற அடிக்கும் நடுவுல இருக்கற இடைவெளியத்தான் நான் வேகமா எடுத்துக்கிட்டேன், மத்த ரெக்கார்டு எல்லாத்தையும் அதுக்காக இழுத்து மெதுவாக்கினேன் என்று. அப்படியென்றால் பத்தொன்பதாவது நிமிஷம் என்பதே ஏமாற்று. முதல் நிமிஷத்திலிருந்து முப்பத்தெட்டாவது நிமிஷம் வரைக்கும் இந்த ஆல்பம் நடப்பது லியோனின் கை ஓங்கி இறங்குகிற வேகத்தில். எங்கேயோ ஒரு நாட்டில் எவனோ வியர்க்க வியர்க்க ஊதிய டிரம்பெட் அவன் செத்தபிறகு புதுச்சேரியில் ஒரு பொம்பிளையை அடிக்கிற வேகத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அவனையும் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்று சொல்லும்போதே ரெமி குறுக்கே வருகிறான், அவன் எப்போதும் இப்படித்தான் அவள் தலைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரிப்பான், நீதானே சொன்ன. ஆமாம், அவள்தான் சொன்னாள். போன ஜூலையில், அதே கேன்டீனில், ஏழெட்டுப் பேருக்கு முன்னால், மேசையைத் தட்டித் தட்டி. தெருவுல எழும்பற சத்தம் தெருவுக்குச் சொந்தம், எவனும் அதுக்குப் பட்டா போட முடியாது, ஹிப் ஹாப்பே அப்படிப் பொறந்ததுதான், அடுத்தவன் ரெக்கார்டுல நாலு நொடிய உருவித்தான் ஒரு ஜனமே பேச ஆரம்பிச்சுது, அனுமதி கேட்டுக்கிட்டு நின்னிருந்தா இன்னும் வாசல்லயே நின்னிருப்பாங்க. எல்லாரும் கை தட்டினார்கள். ரெமி மட்டும், அப்ப உன் மெமரி கார்டைக் குடு தாயே, என்றான். அவள் எம்.ஏ. ஆய்வுக்காக ஒரு சின்ன ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வருஷமாக ஊரைப் பதிவு செய்துகொண்டிருந்தாள், மீன் ஏலம், கண்டக்டர் விசில், கோயில் மணி, மாதா தேர், தண்ணீர் லாரிக்கு முன்னால் குடங்கள் மோதுகிற சத்தம். அந்த ரெக்கார்டர் பெயர் வைக்காது, எண் மட்டும் போடும். ஒண்ணு, ரெண்டு, மூணு. தாயேன்னு கூப்பிடாத என்றாள் அவள், பதினேழுல இருந்து நாப்பது வரைக்கும் எடுத்துக்கோ, மத்தது எல்லாம் பேட்டி, அதைத் தொடாத, ஆனா ஒண்ணு, அட்டையில 'ஒலிப்பதிவு: அமலி'ன்னு என் பேரு வரணும். சின்ன எழுத்துல போடறேனே. சின்ன எழுத்துல எதுக்கு, பொம்பளைங்க வேலைன்னா பொடி எழுத்தா, உன் பேரு இருக்கற அதே அளவுல போடு. ரெண்டு நாள் இதற்குச் சண்டை. ஜெயித்தாள். ஜெயித்தபோது எவ்வளவு சந்தோஷம், அடடா, ஹாஸ்டல் படிக்கட்டை ரெண்டு ரெண்டாகத் தாண்டி ஏறினாள். பதினேழிலிருந்து நாற்பது வரைக்கும் என்று வாய் சொன்னபோது நடுவில் முப்பத்தொன்று இருக்கிறது என்பது மூளையில் எங்கேயாவது, ஒரு மூலையில், ஒரு மயிரிழை அளவுக்காவது தெரிந்ததா. தெரியாது. தெரியாது என்பது உண்மைதானா. முப்பத்தொன்று போலீசில் கொடுப்பதற்கென்று வைத்திருந்த பதிவு, அக்கா புகாரே வேண்டாம், ஆளை விட்டுப் போனால் சரி என்றதும் அதைத் திரும்பக் கேட்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை, பெயரும் எழுதவில்லை, வெறும் எண்ணாக விட்டுவிட்டாள், மறக்க வேண்டிய சாமானுக்கு யார் பெயர் வைப்பார்கள்.

பஸ் கோட்டக்குப்பத்தில் நுழைந்து நின்றேவிட்டது. முன்னால் லாரி, லாரிக்கு முன்னால் ஏதோ கல்யாண வண்டி. கோட்டக்குப்பம் எறங்கறவங்க இப்பவே எறங்கிடுங்க, அப்புறம் ஸ்டாப்பு வரல, தூங்கிட்டேன்னு என் உசுர வாங்கக் கூடாது, என்று கண்டக்டர் கத்துவது ஹெட்போனைத் தாண்டி வந்தது. பக்கத்தில் மடியில் துணிக்கடைப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி இவள் பக்கம் சாய்ந்தாள். பதினேழு நிமிஷம் ஐம்பது நொடி. இன்னும் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. அமலி ரெமியைக் கொன்றாள். இது நேற்றிலிருந்து ஏழாவது தடவை. அவன் அறைக்குள் போகிறாள், அவன் முதுகைக் காட்டிக்கொண்டு டர்ன்டேபிள் முன்னால் நிற்கிறான், அவன் வலது கையைப் பிடித்துச் சுற்றுகிற தட்டின் மேல் அழுத்துகிறாள், அந்த ஊசி இசைத்தட்டைக் கீறுவதுபோல அவன் உள்ளங்கையைக் கீறிக்கொண்டு போகிறது, ரத்தம் பள்ளம் பள்ளமாக வட்டம் போடுகிறது, அவன் ஒரு சொல் கத்துகிறான், அந்தச் சொல்லை அவள் வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறாள், எப்படிடா இருக்கு, ஆடு. பிறகு ஸ்பீக்கரைத் தூக்கி அவன் மண்டையில். மண்டை தேங்காய் மாதிரி. அந்தச் சத்தமும் நன்றாக இருக்கும், அதையும் எவனாவது எடுத்துக்கொள்வான். இவ்வளவும் நடந்து முடிந்த பின்னும் ரெமி அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறான், ஏய், நான் தெருச் சண்டைன்னு நெனச்சேன்டி, உன் கார்டுல இருக்கறது எல்லாம் தெருதானே. எனக்கு எப்படித் தெரியும். உனக்குத்தானே தெரியும். சனியனே, வாயை மூடு. லியோனை அவள் ஒரு தடவைகூடக் கொன்றதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேற்றிலிருந்து ஏழு கொலை, ஏழும் ரெமி. அடித்தவன் இருக்க, வெட்டி ஒட்டினவன் மேல் மட்டும் ஏன் இத்தனை ரத்தவெறி. யோசிக்காதே, இதோ வருகிறது, பதினெட்டு ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.

போதும். எல்லா வாத்தியமும் ஒதுங்கி நின்று அந்தக் குரலுக்கு வழி விடுகிறது. போதும். அடுத்து ஸ்னேர் டிரம், பளார் என்று. போதும். பளார். நேற்று முதல் தடவை கேட்டபோது அது ஸ்னேர் டிரம் என்றுதான் நினைத்தாள், எவ்வளவு காய்ந்த, எவ்வளவு கெட்டியான அடி, தலை தானாக ஆடியது, கால் மேசைக் காலில் தட்டியது, ரெமி எதிரில் கண் விரியப் பார்த்துக்கொண்டிருந்தான், அவள்தான் கேட்டாள், செமடா, இந்தக் கிளாப் எங்க புடிச்ச, இந்தப் பொம்பள குரல் எந்தப் படம். படமா, உன் கார்டுதான், முப்பத்தொண்ணு. முப்பது மீன் ஏலம், முப்பத்திரண்டு ஆஸ்பத்திரி வாசல், நடுவில் முப்பத்தொன்று, நடுவில், தலை ஆடிக்கொண்டே இருந்தது, முப்பத்தொன்று, ஏப்ரல் ஒன்பது, தலை நிற்கவில்லை, தெரிந்த பின்னும் ரெண்டு பீட்டுக்குத் தலை நிற்கவில்லை, அதை மட்டும் அவள் சாகும்வரை யாரிடமும் சொல்ல மாட்டாள். கூடப் பிறந்தவள் கன்னத்தில் விழுந்த அறைக்கு இவள் தலையாட்டினாள். தோல் மேல் தோல். அதுவும் பத்து வருஷம் ஒரே பாயில் படுத்து, மேலே கால் போட்டுத் தூங்கிய தோல். போதும், பளார். பக்கத்து அம்மாள் தோளைத் தொட்டாள், அமலி ஒரு காதை விலக்கினாள். என்னா பாட்டு பாப்பா அது, சத்தம் வெளிய வருது, சாவு மோளம் கணக்கா ஜோரா இருக்குது என்றாள் அம்மாள், பையின் மேல் நாலு விரலால் தட்டிக்கொண்டே, சரியாக, ஒரு அடி தப்பாமல். இவளையும் கொல்லலாம். இல்லை, இவளை எதற்கு. அமலி சிரிப்பு மாதிரி ஒன்றைக் காட்டிவிட்டுக் காதை மூடினாள். மூடியபோது புதிதாக ஒன்று கேட்டது. போதுமுக்கும் அறைக்கும் நடுவில், மெல்லிசாக, ஹ்ஸ், ஹ்ஸ், ஹ்ஸ் என்று. ரெமி அதைத் தூக்கி உயரத்தில் வைத்திருந்தான், ஹை-ஹாட் தட்டு உரசுகிற மாதிரி, அதுதான் பாட்டையே முன்னுக்குத் தள்ளியது. ஆனால் அது தட்டு இல்லை. மைக்குக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற ஒரு வாய் மூச்சை இழுக்கிறது. செரபின் கதவுக்கு உள்ளே இருந்தாள், லியோனும் உள்ளே. மைக்குக்குப் பக்கத்தில் இருந்த வாய் ஒன்றுதான். அமலி பஸ்ஸில் உட்கார்ந்தபடி மூச்சை நிறுத்தினாள், காதில் அவள் மூச்சு நிற்கவில்லை, நூற்று எண்பத்துநாலு தடவையும் ஒழுங்காக இழுத்து விட்டது.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். ஏப்ரல் ஒன்பதாம் தேதி மத்தியானம் ஒரு பெண் தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள், மீன் ஏலம் பதிவு செய்துவிட்டு வருகிறாள், கையில் அக்காவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய டிபன் பாக்ஸ், மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்கிறது. கதவு உள்தாழ். தட்டலாம். கத்தலாம். கீழ்வீட்டுக்காரனைக் கூப்பிடலாம். டிபன் பாக்ஸால் ஜன்னல் கண்ணாடியை உடைக்கலாம், எவர்சில்வர், கனமானது. அவள் டிபன் பாக்ஸைச் சத்தம் வராமல் படியில் வைத்தாள், பையில் கை விட்டாள், ரெக்கார்டரை எடுத்தாள், சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள், எரிந்தது, கதவிடுக்கில் நீட்டினாள். ஏனென்றால் ஆதாரம். இதுவரைக்கும் எத்தனை தடவை அடித்தான், ஒரு தடவைக்காவது சாட்சி உண்டா, எல்லாரும் குடும்பத்துல அப்படித்தான் என்றார்கள், பாதர்கூட, இப்போது எவன் மறுப்பான். அவளுக்கு அன்றைக்குப் புத்தி எவ்வளவு தெளிவாக இருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது, பேச்சுப் போட்டிக்குக் குறிப்பு எடுப்பதுபோல. ஒரு நிமிஷம் போதும் ஆதாரத்துக்கு. ரெண்டு நிமிஷம். உள்ளே ஏதோ உருண்டது, ஸ்டூல். மூணு. இன்னும் கொஞ்சம் தெளிவாக விழட்டும், அவன் குரலும் வரட்டும், அவன் பேசினால்தானே அவன் என்று நிரூபிக்கலாம். அவன் பேசவே இல்லை. லியோன் பேசாமல் அடிக்கிறவன். ஆறு. அக்கா, போதும் என்றாள், அதுவரைக்கும் அவள் குரலே இல்லை, போதும், கெஞ்சலாக இல்லை, சாப்பாட்டுத் தட்டில் கை மறைத்துச் சொல்கிற மாதிரி. எட்டு. கால் மரத்தது. ஒன்பதில் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது, தட்டினால் கதவு திறக்கும், திறந்தால் அந்தக் கை வெளியேயும் வரும் என்று, இந்த மாதிரி ஒரு நினைப்பு தனக்குள் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை, கன்னம் தானாகச் சுருங்கியது. பதினொன்று. தாழ் விலகியது. லியோன் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டே வெளியே வந்தான், வியர்த்திருந்தான், இவளைப் பார்த்துச் சிரித்தான். வா அமலி, எப்ப வந்த, டீ குடிச்சியா. இப்பதான் மாமா. இப்பதான் மாமா, மாமா, வாய் எவ்வளவு அழகாகச் சொன்னது. உள்ளே போனாள், அக்கா தரையில் உட்கார்ந்து தலைமுடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள், உதடு கிழிந்திருந்தது. எப்போடி வந்த. இப்பதான் வந்தேன்க்கா, கதவு தட்டப் போனேன், அவரே தொறந்துட்டாரு. போலீசுக்கென்று அந்தப் பதிவைப் பற்றிச் சொன்னபோதும், ஒரு நிமிஷம்தான் மாட்டுச்சு, படியேறும்போதே ஓடிக்கிட்டு இருந்துச்சு என்று சொல்லிவைத்தாள். அக்கா கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். நாலு மணிக்குள் அந்த ஆல்பத்தை நிறுத்த வேண்டுமென்றால் அக்கா அதைக் கேட்க வேண்டும். வேண்டாம், நிறுத்தாமலே விட்டுவிடலாம், யாருக்குத் தெரியும் அது செரபின் என்று, யாருக்கும் தெரியாது, ரெமியிடம் அக்கா சரி சொல்லிவிட்டாள் என்று ஒரு வரி தட்டினால் முடிந்தது, பெயர் வரும், ரெமி பெயர் இருக்கிற அதே அளவில். கட்டைவிரல் போன் மேல் வந்துகூட விட்டது. லாரி நகர்ந்தது, பஸ் ஒரு உலுக்கு உலுக்கி முத்தியால்பேட்டைக்குள் பாய்ந்தது, அவள் நெற்றி முன்சீட்டுக் கம்பியில் மோதியது, நல்ல அடி, கண்ணில் தண்ணீர் வந்தது. வலிக்குதா பாப்பா என்றாள் பக்கத்து அம்மாள். வலித்தது. ஒரே ஒரு அடிக்கே எவ்வளவு வலிக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. விரலை எடுத்துவிட்டாள்.

அஜந்தா சிக்னலில் இறங்கிக் கடல் பக்கமாக நடந்து ரொட்டிக்கடையின் பின்சந்துக்கு வந்தபோது மணி மூணு பத்து. நெற்றியில் புடைத்துவிட்டது. சந்தில் திரும்பும் முன்னாலேயே கேட்டது, உள்ளே மரமேசையில் மாவை ஓங்கி அடிக்கிற சத்தம், தொப், தொப், அந்த வேகமா, இல்லை, அதைவிட மெதுவா, எண்ணாதே என்று சொன்னாலும் மனசு எண்ணியது. செரபின் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பெருத்த கை அவளுக்கு, முழங்கைவரை மாவு. இந்தக் கை திரும்பி ஒன்று வைத்திருந்தால் லியோன் சுவரில் ஒட்டியிருப்பான், ஏன் வைக்கவில்லை என்று அமலி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், கோபமாக, அக்காவே குற்றவாளி மாதிரி. கதவுக்கு வெளியே நின்றவள் கேட்கிற கேள்வியா அது.

"என்னாடி இந்நேரத்துல. நெத்தியில என்னா?"

"பஸ்ஸுல இடிச்சுக்கிட்டேன். அக்கா, உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

"பேசு. மூணரைக்குள்ள இத அடுப்புல ஏத்தணும், கை நிக்காது."

அமலி பேசினாள். சம்மதம் என்றாள், உரிமை என்றாள், ஒரு பெண்ணின் வலியைப் பண்டமாக்குவது என்றாள், ரெமி என்கிற ஒருத்தனின் மனப்பான்மை என்றாள், தெருவுக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்றாள். சொற்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன, எல்லாம் சரியான சொற்கள், ஒன்றுகூட அந்த மாடிப்படியில் ஏறவில்லை. செரபின் மாவைப் புரட்டி ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"மேடப்பேச்சு வேணாம். என்னத்த எடுத்துட்டான்? அதக் காட்டு."

அக்காவின் கையெல்லாம் மாவு. அமலிதான் ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட வேண்டியிருந்தது, காதோரத்து முடியை ஒதுக்கி, சின்ன வயதில் அக்கா இவளுக்குச் சடை பின்னியதுபோல. பதினெட்டு ஐம்பத்தைந்துக்கு நகர்த்தினாள். கைகள் மாவுக்குள் நின்றன. முகத்தில் ஒன்றுமே இல்லை. அமலி அந்த முகத்தில் எதையாவது தேடினாள், அழுகையோ கோபமோ, ஒன்று வந்தால் பிடித்துக்கொண்டு மேலே பேசலாம். நாலு நிமிஷம் எவ்வளவு நீளம். அடுப்புப் பக்கத்திலிருந்து யாரோ, செரபினக்கா ஆச்சா என்று குரல் கொடுத்தார்கள், அவள் காதில் விழவில்லை. அவளுடைய விரல்கள் மட்டும் மாவை மெதுவாக அழுத்திக்கொண்டே போய் அடியில் மரத்தைத் தொட்டன.

"கழட்டு."

கழற்றினாள்.

"அந்த அற அவரோடது. போதும்னது நான். நடுவுல ஹ்ஸ் ஹ்ஸ்னு மூச்சு விடறது யாரு?"

அமலி ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"நான் இல்ல. நான் மூச்ச அடக்கிக்கிட்டுதான் வாங்குவேன், விட்டா இன்னும் வலிக்கும். அவருக்குக் குடிக்காத அன்னிக்கு மூச்சே கேக்காது. யாரு அது?"

"நான்தான்க்கா."

"எங்க நின்ன?"

"கதவுகிட்ட. வெளிய."

"எவ்ளோ நேரம்?"

எதற்கும் அவளிடம் பதில் இருக்கும். ஆதாரம் என்று ஒரு சொல் இருந்தது, அதை விட்டுவிட்டாள்.

"பதினோரு நிமிஷம்."

செரபின் தலையை மட்டும் ஆட்டினாள். இப்பதான் வந்தேன்னு சொன்ன என்று அவள் கேட்பாள் என்று அமலி காத்திருந்தாள், அதற்காக முகத்தைக்கூடக் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டாள், அறைந்தால் நன்றாக இருக்கும், அந்தக் கையால் ஒன்று விழுந்தால் கணக்குத் தீர்ந்த மாதிரி வீட்டுக்குப் போகலாம். செரபின் அறையவில்லை. மாவை எடுத்தாள், தலைக்கு மேலே தூக்கினாள், மேசை அதிர ஓங்கி அடித்தாள், பறந்த மாவு அமலியின் உதட்டில் வந்து ஒட்டியது. மறுபடி தூக்கினாள், மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவை தூக்காமல் அப்படியே விட்டாள்.

"அந்தத் தம்பிக்கு எத்தன மணிக்குள்ள சொல்லணும்?"

"நாலு."

"போன எடு. பேசிப் பதிவு பண்ணி அனுப்புவியே, அப்படி வச்சுப் புடி."

அமலி ரெமியின் பெயரைத் திறந்தாள், மைக் படத்தின் மேல் விரலை அழுத்தினாள், போனை அக்காவின் வாய்க்கு நேரே நீட்டினாள். சிவப்புப் புள்ளி எரிய ஆரம்பித்தது, நொடிகள் ஓடின. இந்தத் தடவை அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். செரபின் போனைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்துக்கொண்டே, கடையில் கேட்கிற ஆளுக்கு ரொட்டி விவரம் சொல்கிற அதே குரலில் பேசினாள்.

"தம்பி, நான் அமலியோட அக்கா செரபின் பேசறேன். அத நீ தூக்கிப்போட வேணாம். ஆனா ஒத்த வார்த்தைய மட்டும் வெட்டிப் போட்டா கேக்கறவன் ஆடத்தான் செய்வான், அவன் மேல தப்பு இல்ல. முழுசும் பதினோரு நிமிஷம் இருக்குதாம். பதினோரு நிமிஷத்தையும் போடு. எங்கயும் வெட்டாத, மியூசிக்கும் வேணாம். அடிச்சது லியோன்னு போடு. வெளிய நின்னு பதிவு பண்ணது அமலின்னு போடு. ரெண்டு பேரும் ஒரே அளவுல இருக்கட்டும்."